பிரதி இருந்தால் மட்டும் போதுமா? வன்னியின் ஆவணங்களும் புதிய சேவையகமும்

வன்னிப் பெருநிலப்பரப்பில் வாழும் மக்களுக்கு ஓர் ஆவணத்தின் மதிப்பை எவரும் எடுத்துக்கூற வேண்டியதில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுள் முல்லைத்தீவின் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி போன்ற கிராமங்களைச் சேர்ந்தவர்களும் அடங்குவர். வீட்டையும் வயலையும் விட்டுச் சென்றவர்களில் பலருக்குக் காணி உறுதியைத் தேடியெடுக்கவும் அவகாசம் இருக்கவில்லை. 2004 டிசெம்பர் 26 இல் கடல் பொங்கி முல்லைத்தீவு நகருக்குள் புகுந்தபோது வீடுகளோடு பெட்டகங்களும் போயின. 2008, 2009 ஆம் ஆண்டுகளில் கிளிநொச்சியிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து சென்ற மக்கள், இறுதியில் செட்டிகுளம் முகாம்களை வந்தடைந்தபோது அவர்களுள் பலரின் கையில் பிறப்புச் சான்றிதழும் இல்லை, அடையாள அட்டையும் இல்லை. தாம் யார், தமது காணி எது என்பதை நிரூபிப்பதற்கே ஆண்டுகள் கழிந்தன.

இத்தகைய அனுபவங்களிலிருந்து கிடைக்கும் பாடம் எளிமையானது. ஓர் ஆவணம் ஒரேயோர் இடத்தில் மட்டும் இருக்குமானால் அது இல்லாததற்குச் சமம். நமது சட்டமும் இதனை நெடுங்காலத்திற்கு முன்பே உணர்ந்திருந்தது. நொத்தாரிசு ஒருவர் காணி உறுதியொன்றை நிறைவேற்றும்போது மூலப்பிரதி உரிமையாளருக்கும், ஒரு பிரதி நொத்தாரிசின் கோவைக்கும், இன்னொரு பிரதி காணிப் பதிவகத்திற்கும் செல்கின்றன. மூன்று பிரதிகள், மூன்று இடங்கள். உரிமையாளரின் வீடு எரிந்தாலும் பதிவகத்தில் சான்று எஞ்சும். வன்னியில் பெருமளவு காணிகள் உறுதிக் காணிகளாக அன்றி, 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழான அனுமதிப்பத்திரக் காணிகளாக உள்ளன. அவ்விடத்துப் பிரதேச செயலகப் பேரேடும் உரிமையாளரின் அனுமதிப்பத்திரமும் ஒருங்கே அழியுமாயின் அக்குடும்பத்தின் நிலை என்னவாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இன்று இப்பேரேடுகளின் இடத்தைப் படிப்படியாகக் கணினி பிடித்து வருகின்றது. பிரதேச செயலகங்கள், வைத்தியசாலைகள், வங்கிகள், பல்கலைக்கழகங்கள் யாவும் தமது தரவுகளைச் சேவையகங்களில் வைத்திருக்கின்றன. சேவையகம் என்பது பலருக்கும் ஒரே வேளையில் சேவை வழங்கும் பெருங்கணினி. தரவு பெருகும்போதோ, இயந்திரம் பழையதாகும்போதோ புதிய சேவையகம் ஒன்று கொள்வனவு செய்யப்பட்டு ஏற்கெனவே இயங்கிவரும் தொகுதியோடு இணைக்கப்படுகின்றது. சாதாரண வாசகருக்கு இது தொழில்நுட்பவியலாளரின் தனிப்பட்ட விவகாரமாகத் தோன்றலாம். எனினும், கலைப்பட்டதாரியான இக்கட்டுரையாளர் அறிந்து கொண்டவரையில், நமது ஆவணங்களின் பாதுகாப்பு பெரிதும் தங்கியிருப்பது இந்த இணைப்பிற்கு முன்னரான ஆயத்தத்திலேயே ஆகும். ஆயத்தம் செய்யப்படாத ஒரு புதிய இயந்திரம் பாதுகாப்பைக் கூட்டுவதில்லை, குறைத்துவிடவும் கூடும்.

கொத்தணி என்பது யாது?

ஒரே சேவையகத்தில் தரவை வைத்தால் அதன் வன்தட்டு பழுதடையும் நாளில் வேலை நின்றுவிடும். இதனைத் தவிர்க்கும் பொருட்டுப் பல சேவையகங்களை வலையமைப்பால் பிணைத்து ஒரே சேமிப்பகமாக இயங்கச் செய்வர். இதுவே சேமிப்புக் கொத்தணி எனப்படுகின்றது. ஓர் இயந்திரம் வீழ்ந்தாலும் ஏனையவை அதன் பொறுப்பை ஏற்றுக்கொள்வதால், பயன்படுத்துவோர் தடங்கலை உணரமாட்டார்கள். ஆங்கிலத்தில் ஹை அவெய்லபிலிட்டி என அழைக்கப்படும் இப்பண்பை நாம் இடையறாக் கிடைப்பு எனக் கூறலாம்.

இவ்வகை மென்பொருள்களுள் செஃப் என்பது உலகெங்கும் பரவலாகப் பயன்படுவது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாந்தா குரூஸ் வளாகத்தில் சேஜ் வெய்ல் என்பவரின் கலாநிதிப் பட்ட ஆய்விலிருந்து பிறந்த இது திறந்த மூல மென்பொருளாகும். எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். ஜெனீவாவை அண்மித்த சேர்ன் அணுத்துகள் ஆய்வுகூடமும் இதனைப் பயன்படுத்துகின்றது. செஃப் ஒவ்வொரு தரவுத் துண்டையும் வழமையாக மூன்று பிரதிகளாக, மூன்று வெவ்வேறு சேவையகங்களில் எழுதுகின்றது. நொத்தாரிசின் மூன்று பிரதிகளை இங்கு வாசகர்கள் நினைவுகூரலாம். மூன்றில் ஒன்று மட்டுமே எஞ்சுமாயின், அத்தரவின் மீதான எழுத்தும் வாசிப்பும் நிறுத்தி வைக்கப்படும். ஒற்றைப் பிரதியை நம்பி வேலையைத் தொடர்வதை விட, சிறிது நேரம் நின்று குறையை நிவர்த்திப்பதே மேல் என்பது அதன் தத்துவம்.

கோரம் என்னும் கணக்கு

பிரதேச சபைக் கூட்டங்களில் கோரம் இல்லையெனில் கூட்டம் ஒத்திவைக்கப்படுவதை நாம் அறிவோம். கொத்தணிக்கும் கோரம் உண்டு. எது அண்மைய தரவு, எந்த இயந்திரம் உயிரோடுள்ளது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை பெரும்பான்மைக்கே உரியது.

இரண்டு சேவையகங்கள் மட்டும் இருந்து, அவற்றிற்கிடையிலான கேபிள் அறுந்துவிட்டால் என்ன நேரும்? ஒவ்வொன்றும் மற்றையது இறந்துவிட்டது என்று கருதி, தானே அதிகாரமுடையது எனத் தனித்தனியே எழுதத் தொடங்கும். ஒரே காணிக்கு ஒரே நாளில் இரு அலுவலகங்கள் இரு வேறு பெயர்களைப் பதிந்தது போன்ற நிலை உருவாகும். மூளைப் பிளவு எனத் தொழில்நுட்பவியலாளர் இதனைக் குறிப்பிடுவர். கேபிள் மீண்டும் பொருத்தப்பட்ட பின்னர் எந்தப் பதிவு சரியானது என்பதை இயந்திரத்தால் கூற முடியாது.

மூன்று வாக்காளர் இருந்தால் பெரும்பான்மைக்கு இருவர் போதும்; ஒருவரை இழந்தாலும் வேலை நடக்கும். நான்காவது வாக்காளரைச் சேர்த்தால் பெரும்பான்மை மூன்றாக உயர்கின்றது. அப்போதும் ஒருவரை மட்டுமே இழக்கலாம். ஐவர் ஆனால் இருவரை இழக்கலாம். எனவே, மூன்று சேவையகங்கள் உள்ள கொத்தணிக்கு நான்காவதைச் சேர்க்கும்போது அதற்குச் சேமிக்கும் பணியை மட்டும் வழங்கி, வாக்குரிமையை ஒற்றைப்படை எண்ணிக்கையிலேயே வைத்திருப்பது வழக்கம். இயந்திரம் கூடினால் பாதுகாப்பும் தானே கூடும் என்ற எண்ணம் தவறானது என்பதை இச்சிறு கணக்கே காட்டிவிடுகின்றது.

இணைப்பிற்கு முன்னரான ஆயத்தம்

முதலாவது ஆயத்தம் புதிய இயந்திரத்தில் அன்றி, பழைய கொத்தணியிலேயே தொடங்க வேண்டும். ஏற்கெனவே ஒரு வன்தட்டு பழுதடைந்து, பிரதிகள் குறைந்த நிலையில் கொத்தணி தவித்துக் கொண்டிருக்குமாயின், அவ்வேளையில் புதியவரை வரவேற்பது ஆபத்தானது. நோயாளி எழுந்து நடமாடும்வரை பொறுத்திருந்தே வேறு சுமையை ஏற்ற வேண்டும். கொத்தணியின் உடல்நலம் சீராக உள்ளதா, போதிய வெற்றிடம் உள்ளதா, அண்மைய காப்புப்பிரதி கையில் உள்ளதா என்ற மூன்று வினாக்களுக்கும் ஆம் என்ற விடை கிடைத்த பின்னரே அடுத்த அடியை வைக்க வேண்டும்.

இரண்டாவது, வன்பொருளைச் சோதித்தல். பெட்டியிலிருந்து எடுத்தவுடன் புதிய சேவையகத்தைப் பணியில் அமர்த்துவது வழக்கமன்று. நினைவகத்தை ஓரிரு நாள்கள் இடைவிடாது பரிசோதித்து, ஒவ்வொரு வன்தட்டையும் முழுமையாக எழுதி வாசித்துப் பார்ப்பர். இலத்திரனியல் பாகங்களிலுள்ள உற்பத்திக் குறைபாடுகள் பெரும்பாலும் தொடக்க நாள்களிலேயே வெளிப்படும் என்பதே இதற்குக் காரணம். ஒரே தொகுதியில் உற்பத்தியான வன்தட்டுகள் ஏறத்தாழ ஒரே காலத்தில் பழுதடையும் வாய்ப்பு இருப்பதால், எல்லாவற்றையும் ஒரே பெட்டியிலிருந்து எடுக்காமல் கலந்து பொருத்துவது நன்று. வன்தட்டுகளின் கொள்ளளவும் ஏனைய சேவையகங்களில் உள்ளவற்றை ஒத்திருத்தல் வேண்டும். ஒன்று மட்டும் மிகப் பெரிதாக இருந்தால் தரவின் பெரும் பங்கு அதனிடமே சென்று சேரும். அது வீழும்போது இழப்பும் பெரிதாகும்.

வன்னிக்கே உரிய சில தேவைகளும் உள. வறண்ட வலயத்தின் வெப்பமும் செம்மண் தூசும் இயந்திரங்களின் விசிறிகளை அடைத்துவிடுகின்றன. பருவப்பெயர்ச்சி இடைக்காலத்து இடிமின்னல் மின்னிணைப்பு வழியாகவும் கேபிள் வழியாகவும் உட்புகுகின்றது. ஆகவே, குளிரூட்டல், முறையான நிலத்தொடுப்பு, யு.பி.எஸ்., மின்பிறப்பாக்கி என்பன சேவையகத்தின் விலைப்பட்டியலிலேயே அடங்க வேண்டியவை. சேவையகத்தின் இரு மின்வழங்கிகளையும் ஒரே யு.பி.எஸ்.ஸில் செருகுவது, இரண்டு சாவிகளையும் ஒரே வளையத்தில் கோத்துத் தொலைப்பதற்கு ஒப்பானது.

மூன்றாவது, துப்புரவு. புதிய சேவையகம் வேறெங்காவது பயன்படுத்தப்பட்டதாக இருந்தால், அதன் வன்தட்டுகளில் பழைய கொத்தணியின் அடையாளங்கள் எஞ்சியிருக்கலாம். அவற்றை முற்றாக அழிக்காது இணைத்தால் மென்பொருள் குழம்பும். நன்கொடையாகக் கிடைத்த பழைய இயந்திரங்களைப் பயன்படுத்தும் நிறுவனங்கள் இதில் விசேட கவனம் செலுத்த வேண்டும். அவ்வாறே, தாம் கழித்துவிடும் வன்தட்டுகளில் பொதுமக்களின் விபரங்கள் எஞ்சாதவாறு அழிப்பதும் அவற்றின் கடமையாகும்.

நான்காவது, ஒத்த பதிப்பு. இயக்க முறைமையும் கொத்தணி மென்பொருளும் ஏனைய சேவையகங்களில் உள்ள அதே பதிப்பாக இருத்தல் வேண்டும். புதியது என்பதால் புதிய பதிப்பையே நிறுவிவிட்டால், பழையவை எழுதியதைப் புதியது ஒரு விதமாகவும், புதியது எழுதியதைப் பழையவை வேறு விதமாகவும் விளங்கிக்கொள்ள நேரிடலாம். பதிப்பை உயர்த்த வேண்டுமாயின் அது தனியான பணி. முதலில் யாவும் ஒத்திருக்க வேண்டும். பின்னர் யாவும் ஒன்றன்பின் ஒன்றாக உயர வேண்டும்.

பிரதிகள் பலவாக இருப்பதும் அவை ஒன்றையொன்று ஒத்திருப்பதும் நமது மரபுகளுக்குப் புதியவை அல்ல. யமாமா யுத்தத்தில் அல்குர்ஆனை மனனமிட்டிருந்தோர் பலர் உயிர்நீத்ததைத் தொடர்ந்து, கலீபா அபூபக்கர் (ரழி) அவர்களின் பணிப்பின் பேரில் ஸைத் இப்னு ஸாபித் (ரழி) அவர்கள் அதனை எழுத்தில் ஒன்றுதிரட்டினார்கள். கலீபா உஸ்மான் (ரழி) அவர்களின் காலத்தில் ஒப்புநோக்கப்பட்ட பிரதிகள் வெவ்வேறு நகரங்களுக்கு அனுப்பப்பட்டன. தமிழ் மரபில் சி.வை.தாமோதரம்பிள்ளையும் உ.வே.சாமிநாதையரும் ஊர் ஊராகத் தேடிப் பெற்ற ஏடுகளை ஒப்பிட்டுப் பாடபேதம் கண்டு பதிப்பித்தனர். பிரதி எடுத்தல் பாதி வேலை. பிரதிகளை ஒப்புநோக்குதல் மறுபாதி என்பதை இவ்விரு மரபுகளும் அறிந்திருந்தன.

ஐந்தாவது, பெயரும் முகவரியும். கொத்தணியின் ஒவ்வொரு சேவையகமும் ஏனையவற்றைப் பெயர் சொல்லி அழைக்கின்றது. புதியவருக்கு மாறாத ஐ.பி. முகவரியும் தனித்துவமான பெயரும் இருக்க வேண்டும். பெயரைக் கொடுத்தால் முகவரியும், முகவரியைக் கொடுத்தால் பெயரும் எல்லா இயந்திரங்களிலும் ஒரே விடையாகக் கிடைக்க வேண்டும். ஒரே பெயரில் இருவர் உள்ள கிராமத்தில் கடிதம் தவறிச் செல்வதைப் போன்றே இங்கும் தவறு நேரும்.

ஆறாவது, நேரம். இதன் முக்கியத்துவத்தை வன்னி மக்களைவிட நன்கு உணர்ந்தோர் இருக்க முடியாது. 1996 ஆம் ஆண்டு இலங்கை அரசாங்கம் கடிகாரத்தை முன்நகர்த்தியபோது, விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளில் அம்மாற்றம் ஏற்றுக்கொள்ளப்படவில்லை. இதனால் ஒரே நாட்டில் அரைமணி நேர வித்தியாசத்தோடு இரு நேரங்கள் நிலவின. ஓமந்தையைக் கடந்து பயணித்தோர் பழைய நேரமா, புதிய நேரமா என்று வினவியே அலுவல்களைத் தீர்மானித்தனர். 2006 ஏப்ரலில் நாடு பழைய நேரத்திற்குத் திரும்பியதோடுதான் அக்குழப்பம் நீங்கியது. மனிதர் அரைமணி நேர வித்தியாசத்தையும் சமாளிப்பர். செஃப் கொத்தணியோ, தீர்மானம் எடுக்கும் சேவையகங்களின் கடிகாரங்கள் ஒரு செக்கனின் இருபதிலொரு பங்கிற்கு மேல் வேறுபட்டாலே எச்சரிக்கை எழுப்பும் வகையில் அமைக்கப்பட்டுள்ளது. யார் இறுதியாகப் பேசினார், யாருடைய அனுமதி காலாவதியாகிவிட்டது என்பனவெல்லாம் நேரத்தை வைத்தே முடிவாகின்றன. ஆகையால், புதிய சேவையகம் ஏனையவை பின்பற்றும் அதே நேர மூலத்தைப் பின்பற்றுகின்றதா என்பதை இணைப்பிற்கு முன்னரே உறுதி செய்தல் வேண்டும்.

ஏழாவது, வலையமைப்பு. பயனாளர் வந்து செல்லும் பாதை ஒன்றும், சேவையகங்கள் தமக்குள் பிரதிகளைப் பரிமாறும் பாதை மற்றொன்றுமாக இரு பாதைகள் அமைப்பது நல்லது. ஒவ்வொன்றும் இரு வேறு சுவிட்ச்களின் ஊடாகச் செல்லுதல் வேண்டும். ஒரு தடவையில் அனுப்பப்படும் பொதியின் அளவும் எல்லா இடங்களிலும் ஒன்றாக இருக்க வேண்டும். இதில் வேறுபாடு இருந்தால் சிறிய சோதனைப் பொதிகள் தடையின்றிச் செல்லும். பெரிய தரவுகள் மட்டும் தேங்கி நிற்கும். எல்லாம் சரியாகவே உள்ளது, ஆனால் எதுவும் வேலை செய்யவில்லை என்று பொறியியலாளர்கள் இரவிரவாகத் தலையைப் பிய்த்துக்கொள்ளும் தருணங்களுக்கு இதுவும் ஒரு காரணம்.

எட்டாவது, அனுமதி. புதிய சேவையகத்திற்குத் தேவையான திறப்புகளை மட்டும் வழங்கி, தேவையான வாயில்களை மட்டும் திறக்க வேண்டும். அவசரத்தில் பாதுகாப்பு அரணை முற்றாக நீக்கி இணைத்துவிட்டு, பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று விடப்படும் இயந்திரங்களே தாக்குதல்காரருக்கு வாசலாக அமைகின்றன.

இணைக்கும் நாள்

இவ்வளவும் முடிந்த பின்னர் இணைப்பு என்பது சில கட்டளைகளின் விடயமே. ஆனால் அக்கணத்திலிருந்து கொத்தணி தனது தரவை மீளப் பங்கிடத் தொடங்கும். புதிய சேவையகத்திற்கு 10 டெராபைட் தரவு நகர வேண்டியுள்ளது எனக் கொள்வோம். செக்கனுக்கு 1 கிகாபிட் வேக இணைப்பில், அதாவது செக்கனுக்கு 125 மெகாபைட் வீதம், முழு வேகத்தில் சென்றாலும் 80,000 செக்கன்கள் எடுக்கும். இது ஏறத்தாழ 22 மணித்தியாலங்கள். பத்து மடங்கு வேகமான இணைப்பில் இரண்டு மணித்தியாலம் சொச்சத்தில் முடியலாம். நடைமுறையில் பயனாளரின் வேலைக்கும் இடம்விட வேண்டியிருப்பதால் இன்னும் கூடுதலான நேரம் செல்லும்.

எனவே, அனுபவமுள்ளோர் புதிய சேவையகத்திற்கு எடுத்த எடுப்பில் முழுப் பங்கையும் ஒப்படைப்பதில்லை. மீள்பங்கீட்டை முதலில் நிறுத்திவைத்து, இயந்திரம் சரியாக இணைந்துள்ளதைப் பார்த்த பின்னர், சிறிது சிறிதாக அதன் பங்கை உயர்த்துவர். வார இறுதியின் அமைதியான நேரத்தைத் தெரிவு செய்வர். ஏதும் பிழைத்தால் எவ்வாறு பின்வாங்குவது என்பதையும் முன்கூட்டியே எழுதி வைத்திருப்பர்.

யாவும் முடிந்தது என்று கூறுவதற்கு முன் எஞ்சியிருப்பது ஒரு பரீட்சை. முன்னறிவித்தல் கொடுக்கப்பட்ட நேரத்தில், ஒரு சேவையகத்தின் மின்னிணைப்பைத் துண்டித்துப் பார்க்க வேண்டும். சேவை தொடர்கின்றதா, எச்சரிக்கை உரியவரின் கைத்தொலைபேசிக்கு வருகின்றதா, மின்சாரம் திரும்பியதும் இயந்திரம் தானாகத் தேறி வருகின்றதா என்பதைக் கண்ணால் கண்ட பின்னரே அக்கொத்தணியை நம்ப முடியும். பரீட்சிக்கப்படாத பாதுகாப்பு வெறும் நம்பிக்கை மட்டுமே.

கொத்தணி காப்புப்பிரதி ஆகாது

பொறுப்பான பதவிகளில் உள்ளோரும் அடிக்கடி தவறவிடும் விடயம் ஒன்று உண்டு. கொத்தணியில் மூன்று பிரதிகள் இருக்கின்றனவே, வேறு காப்பு எதற்கு என்று அவர்கள் வினவுவர். இயந்திரம் பழுதடைவதற்கு எதிராகவே கொத்தணி காக்கும். ஓர் உத்தியோகத்தர் தவறுதலாக ஒரு கோப்பை அழித்துவிட்டால், அந்த அழிப்பும் மூன்று இடங்களிலும் உடனடியாகவும் ஒழுங்காகவும் நிறைவேற்றப்படும். கப்பம் கோரும் நச்சுநிரல் ஒன்று தரவைப் பூட்டிவிட்டால் மூன்று பிரதிகளும் பூட்டப்படும்.

2023 ஓகஸ்டில் இலங்கை அரசாங்கத்தின் முகிற்கணினித் தொகுதியில் இயங்கிய மின்னஞ்சல் சேவை இத்தகைய கப்பநிரல் தாக்குதலுக்கு உள்ளாகியது. ஏறக்குறைய 5,000 மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான காலப்பகுதியின் தரவுகளை மீட்க முடியாது போயிற்று. அக்காலப்பகுதிக்கு உரிய காப்புப்பிரதி தனியாக இருக்கவில்லை என்பதும், பயன்படுத்தப்பட்ட மென்பொருள் காலாவதியான பதிப்பாக இருந்தது என்பதும் அப்போது வெளிவந்தன.

தொழில்நுட்பத்தில் முன்னணியில் நிற்கும் தென்கொரியாவும் இதற்கு விலக்கல்ல. 2025 செப்டெம்பர் 26 இல் டேஜோன் நகரிலுள்ள அரச தரவு நிலையத்தில் மின்கலத்தொகுதிகளை இடம்மாற்றும் வேலையின்போது தீ மூண்டது. அறுநூறுக்கும் மேற்பட்ட அரச கணினிச் சேவைகள் நின்றன. அரச ஊழியர்கள் தமது வேலைக் கோப்புகளைச் சேமித்து வந்த ஒரு தொகுதியின் 858 டெராபைட் தரவு, வேறெங்கும் காப்புப்பிரதி இல்லாத காரணத்தால் அழிந்து போயிற்று. அத்தொகுதி அளவில் மிகப் பெரியது என்பதே காப்பெடுக்காததற்குக் கூறப்பட்ட விளக்கம். பெரியது என்பதற்காகவே காக்கப்படாது விடப்பட்ட சேமிப்பு அது.

1981 இல் மூட்டப்பட்ட தீயில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்ததைக் கண்ட சமூகத்திற்கு இச்செய்தி அந்நியமானதன்று. அந்த இழப்பின் நினைவோடு வளர்ந்த தலைமுறையின் காலத்திலேதான், 2005 ஆம் ஆண்டில், இலங்கைத் தமிழ்பேசும் சமூகங்களின் எழுத்துகளை எண்ணிமமாக்கி இணையத்தில் வைக்கும் நூலகம் திட்டம் தன்னார்வலர்களால் தொடங்கப்பட்டது. ஒரு கட்டடத்தை எரித்து ஒரு நூலகத்தை அழிக்க முடியாத நிலையை உருவாக்குவது இத்தகைய முயற்சிகளின் பயனாகும்.

எனவேதான் மூன்று பிரதிகள், இரு வேறு வகை ஊடகங்கள், ஒரு பிரதியேனும் வேறோர் இடத்தில் என்ற விதியைத் தொழில்நுட்பவியலாளர் வலியுறுத்துகின்றனர். அந்த வேற்றிடப் பிரதி வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டதாக இருப்பின் கப்பநிரலும் அதனைத் தீண்டாது. ஆண்டுக்கு ஒருமுறையேனும் அதிலிருந்து தரவை மீட்டுப் பார்க்கவும் வேண்டும். திறக்கப்படாத பெட்டகத்தினுள் உறுதி இருக்கின்றதா, செல்லரித்துவிட்டதா என்பதைத் திறந்து பார்த்தாலன்றி அறிய முடியாது.

வன்னியில் இது சாத்தியமா?

வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இடையில் ஏ-9 வீதி வழியே 80 கிலோமீற்றருக்கு உட்பட்ட தூரமே உள்ளது. கண்ணாடி இழைக் கேபிளில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர் செல்வதால், போய்த் திரும்பவும் ஒரு செக்கனின் ஆயிரத்திலொரு பங்கு வேண்டியதில்லை. ஆகவே, தூரம் ஒரு தடையன்று. பாதை ஒன்றேயொன்றாக இருப்பதுதான் தடையாகும். முல்லைத்தீவுக்குப் பரந்தனிலிருந்து புதுக்குடியிருப்பு ஊடாக ஒரு வீதியும், மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் ஊடாக மற்றொரு வீதியும் செல்கின்றன. கேபிளும் இவ்விரு வழிகளையும் பயன்படுத்துமாயின், ஒன்று வெள்ளத்தில் அறுந்தாலும் மற்றையது தாங்கும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடு முழுவதும் வீதிகளையும் பாலங்களையும் சிதைத்து அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்ததைக் கண்ட பின்னர், இதனை மிகையான முன்னெச்சரிக்கை என எவரும் கூற முடியாது. மூன்று மாவட்டங்களில் மூன்று இடங்கள் என்பது கோரத்தின் கணக்கிற்கும் பொருந்திவருகின்றது.

மனித வளமும் இங்கு இல்லாமலில்லை. 1997 முதல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக இயங்கிய வவுனியா வளாகம், 2021 ஓகஸ்ட் 1 முதல் தனிப் பல்கலைக்கழகமாகத் திகழ்கின்றது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் அமைந்துள்ளது. அங்கு பயிலும் தமிழ், முஸ்லிம், சிங்கள மாணவர்கள் பழைய இயந்திரங்கள் மூன்றை வைத்தே செஃப் கொத்தணி ஒன்றை அமைத்துப் பழக முடியும். மென்பொருளுக்குக் கட்டணம் இல்லை. கொழும்பிலிருந்து வல்லுநர் வரும்வரை காத்திருக்கும் நிலை மாற வேண்டுமாயின், பழுதைத் திருத்தும் கைகள் அருகிலேயே உருவாக வேண்டும்.

சேவையகம் வாங்கும் நிதி ஒதுக்கீட்டில் இயந்திரத்தின் விலை மட்டும் இடம்பெறுவதும், திறப்பு விழாவில் நாடா வெட்டப்பட்டதோடு பணி முடிவதும் நமக்குப் பழகிப்போன காட்சிகள். பொதுமக்களின் தரவைப் பொறுப்பேற்றுள்ள ஒவ்வொரு நிறுவனத்திடமும் நாம் நான்கு வினாக்களை வினவலாம். எமது ஆவணத்தின் பிரதிகள் எத்தனை இடங்களில் உள்ளன? அவற்றுள் வலையமைப்போடு தொடர்பற்ற பிரதி ஒன்றேனும் உண்டா? இறுதியாக எப்போது ஓர் இயந்திரத்தை நிறுத்திப் பரீட்சித்தீர்கள்? இறுதியாக எப்போது காப்புப்பிரதியிலிருந்து மீட்டுப் பார்த்தீர்கள்? இவற்றைக் கேட்பதற்குக் கணினி அறிவு தேவையில்லை. விடையளிப்பதற்கு நேர்மை போதும்.

ஒரு கூடை மணலோடு சேர்த்து உறுதிப் பத்திரத்தைப் புதைத்துவிட்டு ஓடியவர்களும், சேலைத் தலைப்பில் பிறப்புச் சான்றிதழை முடிந்துகொண்டு வாவிகளைக் கடந்தவர்களும் வாழும் மண் இது. அவர்கள் தம்மிடமிருந்த ஒரேயொரு பிரதியைக் காக்கத் தம்மால் இயன்றதனைத்தையும் செய்தார்கள். இன்று அப்பொறுப்பை அவர்களிடமிருந்து பெற்றுக்கொண்டுள்ள நிறுவனங்கள், புதிய சேவையகம் ஒன்றை இணைக்கும் முன் செலவிடும் சில நாள்களை வீண் தாமதம் எனக் கருதலாகாது. ஆவணத்தை இழந்த ஒரு குடும்பம் அதனை மீளப் பெறுவதற்குச் செலவிட்ட ஆண்டுகளோடு ஒப்பிடுகையில் அச்சில நாள்கள் மிகச் சொற்பமானவை.